டிஸ்க் கெட்டதா, படமே அப்படித்தானா?

1980-களில் அமெரிக்க வீடியோ கடைகளின் கடைசி அலமாரியில் கிடந்த மலிவுப் பேய்ப் படங்களும் வாள்-மந்திரப் படங்களும்தான் இங்கே சரக்கு. ரப்பர் தலை மாட்டிய பூதம், அட்டையில் வெள்ளிப் பெயின்ட் அடித்த வாள், புகை போட்டே ஒரு ராஜ்ஜியத்தை உண்டாக்கிவிடும் இயக்குநர். கேசட் உறையில் இருந்த ஓவியத்துக்கும் உள்ளே இருந்த படத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அதே படங்கள் இன்று நெகட்டிவிலிருந்து 4கே ஸ்கேன், கெட்டி அட்டைப் பெட்டி, குட்டிப் புத்தகம் சகிதம் மாப்பிள்ளைக் கோலத்தில் வருகின்றன. வினிகர் சின்ட்ரோம், செவரின், சினாப்ஸ், இங்கிலாந்தின் ஏரோ என்று இதற்கென்றே கடை விரித்திருப்பவர்கள் இருக்கிறார்கள். டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் பார்த்த தலைமுறைக்கு இந்த மோகத்தை விளக்க வேண்டியதில்லை.

காசு போட்டு வாங்கிய பிறகு ஏதாவது ஒன்று உறுத்தும். படம் நிற்கும், மங்கும், வாய் ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமும் போகும். உடனே விற்றவருக்கு மெயில் தட்டாதீர்கள். ஒரு படம் உங்கள் கண்ணுக்கு வருவதற்குள் கேமரா, லேப், ஸ்கேன் செய்தவர், டிஸ்க் அச்சிட்ட ஆலை, உங்கள் வீட்டு பிளேயரும் டிவியும் என்று ஐந்து கை மாறுகிறது. கோளாறு எந்தக் கையில் பிறந்தது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. வீட்டிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போவதுதான் என் பழக்கம், காரணம் அங்கே திருத்தினால் செலவில்லை. கையில் ஒரு மைக்ரோஃபைபர் துணியும், நிமிடம் நொடி குறிக்க ஒரு துண்டுச் சீட்டும், கடன் வாங்கியாவது இன்னொரு பிளேயரும் இருக்கட்டும்.

பிளேயர் டிஸ்க்கை ஏற்கவே மாட்டேன் என்கிறது

ரீஜியன் என்ற சொல் திரையில் வந்தால் பழுது எதுவும் இல்லை, பூட்டு வேலை செய்கிறது என்று பொருள். ப்ளூ-ரே உலகத்தை ஏ, பி, சி என மூன்றாகப் பங்கு போட்டிருக்கிறது. அமெரிக்கா, கனடா, ஜப்பான், தென்கிழக்கு ஆசியா எல்லாம் ஏ. ஐரோப்பா, வளைகுடா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா பி. இந்தியா, இலங்கை, சீனா, ரஷ்யா சி. ஆக, சிங்கப்பூரிலும் டொரன்டோவிலும் இருப்பவர்கள் அமெரிக்கப் பதிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். லண்டன், பாரிஸ், துபாய்க்காரர்களுக்கு இங்கிலாந்துப் பதிப்பு. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வாங்கிய பிளேயர் பூட்டுப் போட்ட டிஸ்க் இரண்டு பக்கத்திலிருந்து வந்தாலும் முறைக்கும்.

4கே டிஸ்க்குக்கு ரீஜியன் தொல்லை கிடையாது. அதை நம்பி நம்மாட்கள் விழும் குழி ஒன்று உண்டு. பெட்டியில் 4கே ஒன்று, ப்ளூ-ரே ஒன்று என இரண்டு டிஸ்க் இருக்கும். படம் 4கே-யில் அருமையாக ஓடும். இயக்குநர் பேட்டி, ஒப்பனைக்காரர் ரப்பர் தலை செய்த கதை, விட்டுப்போன காட்சிகள் எல்லாம் ப்ளூ-ரேயில் இருக்கும், அது மட்டும் திறக்காது. வாங்கும் முன்பே கூடுதல் சமாசாரங்கள் எந்த டிஸ்க்கில் இருக்கின்றன என்று பாருங்கள்.

டிவிடிக்குக் கணக்கே வேறு: அமெரிக்கா 1, ஐரோப்பாவும் ஜப்பானும் 2, தென்கிழக்கு ஆசியா 3, ஆஸ்திரேலியா 4, இந்தியா 5. பல பிளேயர்களில் டிவிடி பூட்டை ரிமோட்டில் சில எண்களைத் தட்டியே திறந்துவிடலாம். ப்ளூ-ரே பூட்டு பெரும்பாலும் அப்படித் திறக்காது, உள்ளே வேலை பார்த்து விற்கும் பிளேயரைத்தான் வாங்க வேண்டும். தொடர்ந்து சேர்ப்பவருக்கு அந்தச் செலவு பத்து டிஸ்க்கில் கழிந்துவிடும்.

ரீஜியன் பற்றிப் பேச்சே இல்லாமல் வெறுமனே சுழன்றுகொண்டே இருந்தால் பிளேயரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். டிஸ்க்கின் காப்புச் சாவிகள் அவ்வப்போது மாறும், பழைய மென்பொருளுக்குப் புதுச் சாவி தெரியாது. நெட் இல்லாவிட்டால் பென் டிரைவில் ஏற்றலாம். இன்னொன்று, சொல்லவே கூச்சமாக இருக்கிறது: 4கே டிஸ்க்கைச் சாதாரண ப்ளூ-ரே பிளேயரில் போட்டுவிட்டுத் திட்டுபவர்கள் இருக்கிறார்கள். 4கே-க்குக் கறுப்புப் பெட்டி, ப்ளூ-ரேக்கு நீலப் பெட்டி என்ற பெரிய கம்பெனிகளின் அடையாளம் இங்கே உதவாது, இந்தச் சிறு நிறுவனங்கள் நிறமில்லாத பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே நிற்கிறது, சதுரம் சதுரமாக உடைகிறது

நின்ற இடத்தின் நேரத்தை எழுதுங்கள். வெளியே எடுத்து மறுபடி போடுங்கள். வேறு வேறு இடத்தில் நின்றால் டிஸ்க்கை விட்டுவிட்டு பிளேயரைப் பாருங்கள். சூடு, லென்ஸில் தூசி, காற்றுப் போக வழியில்லாத டிவி ஸ்டாண்டு. என் பிளேயர் ஒன்று வெயில் காலத்தில் மட்டும் தகராறு செய்யும், மேலே அடுக்கியிருந்த செட்டாப் பாக்ஸை நகர்த்தியதும் சரியானது.

ஒவ்வொரு முறையும் அதே நிமிடத்தில் நின்றால் டிஸ்க்தான். முதலில் துடையுங்கள், புத்தம் புதிதாக இருந்தாலும். ஆலையிலிருந்து வரும்போதே மெல்லிய படலமோ அட்டைத் தூளோ ஒட்டியிருக்கும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும், வட்டமாகச் சுற்றக் கூடாது. வட்டக் கீறல் தடத்தோடு கூடவே ஓடும், குறுக்குக் கீறலை பிளேயர் தாண்டிப் போய்விடும். துடைத்த பிறகு தடங்கல் இடம் மாறினாலோ குறைந்தாலோ அழுக்குதான் காரணம், இன்னொரு முறை துடையுங்கள்.

பல் விளக்கும் பேஸ்ட், கடையில் மெருகேற்றித் தரும் இயந்திரம் இரண்டையும் ப்ளூ-ரே பக்கம் கொண்டுவர வேண்டாம். டிவிடியில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.6 மி.மீ. ஆழத்தில் இருக்கும், தேய்த்தாலும் தாங்கும். ப்ளூ-ரேயில் அது வெறும் 0.1 மி.மீ. அதற்கு மேலே இருக்கும் கெட்டிப் பூச்சைத் தேய்த்துவிட்டால் டிஸ்க்குக்குக் கொள்ளி வைத்தது போலத்தான்.

4கே டிஸ்க்கில் இது கூடுதலாக வரும். ப்ளூ-ரே ஓர் அடுக்கில் 25 ஜிபி, இரண்டில் 50. 4கே டிஸ்க் 66 ஜிபியில் இரண்டு அடுக்கு, 100 ஜிபியில் மூன்று. லேசர் ஓர் அடுக்கை முடித்து அடுத்ததற்குத் தாவும் இடம்தான் பலவீனமான இடம். படத்தின் மூன்றில் ஒரு பங்கு வாக்கில், அல்லது பாதியில், ஒரு தடவை மட்டும் திக்கினால் தாவலில் சிக்குகிறது என்று ஊகிக்கலாம். வேறு பிளேயரில் ஓடிவிட்டால் இரண்டு பேர் மீதும் பாதிப் பாதிக் குற்றம். அங்கேயும் அதே நொடியில் நின்றால் அச்சுப் பிழை, மாற்று டிஸ்க் கேளுங்கள். ஒரே டிஸ்க்கில் தணிக்கைப் பதிப்பும் முழுப் பதிப்பும் இருந்து, கூடுதல் காட்சி வரும் இடத்தில் மட்டும் ஒரு கணம் தயங்கினால் பழுது என்று எண்ண வேண்டாம். இரண்டு பதிப்புக்கும் பொதுவான பகுதியை ஒரே முறை பதிந்து கிளை பிரித்திருப்பார்கள், மெதுவான பிளேயர் அந்தக் கிளையில் தடுமாறும்.

டிஸ்க்கை எடுக்கும்போது நடு வளையத்தைப் பாருங்கள். சில பெட்டிகள் குரங்குப் பிடி பிடிக்கும். விளிம்பைப் பிடித்து வளைத்து இழுத்தால் நடுவில் மயிரிழை விரிசல் விழும். நடுப் பல்லை அழுத்தினால் தானே எழும்பும்.

4கே போட்டால் கறுப்புத் திரை, அல்லது நொடிக்கு நொடி படம் போய் வருகிறது

பத்துக்கு எட்டு முறை கேபிள். பழைய எச்டிஎம்ஐ கேபிள் 1080-க்குப் போதும். எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வீச்சைக் கூட்டிக் காட்டும் முறை) கூடிய 4கே-க்கு நொடிக்கு 18 ஜிகாபிட் கடத்தும் கேபிள் வேண்டும். டிவியில் எல்லா எச்டிஎம்ஐ வாயும் ஒன்றல்ல, எதில் முழுத் திறன் உண்டோ அதில் செருகி, செட்டிங்ஸில் அந்த வாயின் விரிவான முறையை இயக்குங்கள். நடுவில் பழைய ஆம்ப்ளிஃபயர் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துப் பாருங்கள். எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்புப் பூட்டு தெரியாத ஒரு பெட்டி சங்கிலியில் இருந்தால் மொத்தமும் இருட்டு.

படம் வருகிறது, ஆனால் ஒரே இருட்டு என்றால் விஷயம் வேறு. மலிவு டிவிகளில் எச்டிஆர் வெளிச்சத்துக்குப் போதிய ஒளி இல்லை. இந்தப் படங்களோ ராத்திரிக் காட்டில் இரண்டு விளக்கோடு எடுத்தவை. கூடவே வரும் ப்ளூ-ரேயைப் போட்டு அதே காட்சியைப் பாருங்கள். பெரும்பாலும் அதே ஸ்கேனிலிருந்து வந்ததுதான், சின்ன டிவியில் அதுவே அழகாகவும் இருக்கும். இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

படம் முழுக்க மணல் தூவினாற்போல் இருக்கிறது

அதிகமாக வரும் புகார் இதுதான். தேவையே இல்லாத புகாரும் இதுதான். ஃபிலிமின் ரசாயனத் துகள்களே படம். அவை தெரிவதற்காகத்தான் இத்தனை காசு கொடுத்து நெகட்டிவைத் தேடிப்பிடித்து ஸ்கேன் செய்திருக்கிறார்கள். பணமில்லாதவர்கள் 16 மி.மீ.-இல் எடுத்தார்கள். அந்த பிரேம் 35 மி.மீ. பிரேமின் பரப்பில் கால்பங்குகூட வராது, அதைப் பெரிதாக்கும்போது துகளும் பெரிதாகத் தெரியும். 1981-இன் 'தி ஈவில் டெட்' 16 மி.மீ.-இல் எடுத்து, தியேட்டருக்காக 35-க்குப் பெருக்கியது. 1982-இன் 'பாஸ்கெட் கேஸ்' அதே 16 மி.மீ. கூடைக்குள் உருண்டை ராட்சசனாக இருக்கும் தன் இரட்டைச் சகோதரனை வைத்துக்கொண்டு நியூயார்க் விடுதிக்கு வரும் இளைஞனின் கதை. அதை நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகமே மூல நெகட்டிவிலிருந்து மீட்டெடுத்தது. மாடர்ன் ஆர்ட் சுவர்களுக்குள் அந்தக் கூடைக்கும் இடம் கிடைத்தது என்று நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

நல்ல மணலையும் கெட்ட மணலையும் பிரிக்க ஒரு வழி: படத்தை நிறுத்திவைத்து, ஒவ்வொரு பிரேமாக நகர்த்துங்கள். துகள் ஒவ்வொரு பிரேமிலும் புதிதாக, சிதறலாக மாறினால் ஃபிலிம். முகம் நகர்ந்தும் துகள் கண்ணாடியில் ஒட்டிய தூசிபோல் அங்கேயே நின்றாலோ, புகையும் இருட்டும் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிந்தாலோ, டிஸ்க்குக்காகச் சுருக்கியவர் கஞ்சத்தனம் செய்திருக்கிறார். ஒரே அடுக்கு 25 ஜிபியில் இரண்டு படத்தைத் திணித்த மலிவுத் தொகுப்புகளில் இதைப் பார்க்கலாம். அதற்குக் கோபப்படுங்கள், நியாயம்.

இதன் மறுபக்கம் முகமெல்லாம் மெழுகுப் பொம்மையாக இருப்பது. முதலில் டிவியில் நாய்ஸ் ரிடக்ஷன் எல்லாவற்றையும் அணையுங்கள், ஷார்ப்னஸைக் கீழே இறக்குங்கள், மோஷன் ஸ்மூத்திங்கையும் நிறுத்துங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் ஒரே அழுத்தலில் இதெல்லாம் நடக்கும். அதற்குப் பிறகும் தோலில் ஒரு துளை தெரியவில்லை என்றால் ஸ்கேனுக்குப் பின் யாரோ துகளைச் சுரண்டியிருக்கிறார்கள். அதை வீட்டில் திருப்பிக் கொண்டுவர வழியே இல்லை. இன்னொரு நிறுவனம் புதிதாக ஸ்கேன் செய்யும்வரை காத்திருங்கள், செய்வார்கள்.

தெளிவாக ஓடும் படம் திடீரென்று மங்கி, மறுபடி தெளிகிறது

எங்கே மங்குகிறது என்று கவனியுங்கள். ஒரு காட்சி கரைந்து அடுத்தது வரும் இடம், எழுத்துப் போடும் இடம், மந்திரவாதி கையிலிருந்து நீல மின்னல் பாயும் இடம் என்றால் அது ஆப்டிகல். இரண்டு துண்டை ஆப்டிகல் பிரின்டரில் சேர்த்துப் புதுத் துண்டாகப் படியெடுத்து, அந்தப் படியைத்தான் நெகட்டிவில் ஒட்டியிருப்பார்கள். படியின் படி என்பதால் துகள் கூடும், கூர்மை குறையும். மின்னல் வருவதற்கு முன்பே, அந்த ஷாட் தொடங்கியதுமே படம் மங்கிவிடும். பழகிய கண் அதை வைத்தே மந்திரம் வரப்போகிறது என்று சொல்லிவிடும்.

சில நொடி மட்டும் நிறமும் அகலமும் தரமும் ஒருசேர விழுந்து, அந்த நொடிகளில் ரத்தமும் இருந்தால், அமெரிக்கத் தரச்சான்று வாரியம் வெட்டச் சொன்ன துண்டு திரும்பி வந்திருக்கிறது. வெட்டியதை யாரும் நெகட்டிவோடு பத்திரமாக வைப்பதில்லை. பழைய பிரின்டிலோ கேசட்டிலோ கிடைத்ததை ஒட்டுகிறார்கள். கனடாவின் சுரங்க நகரத்தில் நடக்கும் 'மை பிளடி வேலன்டைன்' 1981-இல் வெட்டு வாங்கியது. ஏறக்குறைய மூன்று நிமிடம் 2009-இல்தான் திரும்பியது, அந்த இடங்கள் வந்ததும் கண்ணுக்குத் தெரியும். இதைத் திருத்த முடியாது, வெட்டிய பதிப்பும் டிஸ்க்கில் இருந்தால் விருப்பம்போல் தேர்ந்தெடுக்கலாம். நான் எப்போதும் தையல் தெரிகிற பதிப்பைத்தான் பார்ப்பேன்.

மங்கல் முதல் நிமிடத்திலிருந்து கடைசி வரை சீராக இருந்தால்? இதில் எனக்கு ஒரு பழைய அவமானம் உண்டு. இத்தாலிய இயக்குநர் லூசியோ ஃபுல்சியின் 1983 வாள்-மந்திரப் படம் 'கான்க்வெஸ்ட்'. படம் முழுக்க ஆவி பிடித்த கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் இருந்தது. லென்ஸில் அழுக்கு, ஸ்கேன் குவியவில்லை, எழுதுங்கள் பதில் என்று வெளியிட்டவர்களுக்கு நீளமாக ஒரு மெயில். ஒளிப்பதிவாளர் வேண்டுமென்றே வடிகட்டியும் புகையும் போட்டு எடுத்ததாக மரியாதையாக ஒரு வரியில் பதில் வந்தது. கேசட்டில் பார்த்தபோது எல்லாப் படமும் மங்கல் என்பதால் இது தனியாகத் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

மீட்டெடுத்தது என்று போட்டிருக்கிறது, பார்த்தால் கேசட் மாதிரியே இருக்கிறது

பெட்டியின் பின்னால் எழுதியதைப் படியுங்கள். எந்த மூலத்திலிருந்து எடுத்தது என்று நல்ல நிறுவனங்கள் ஒளிக்காமல் போடும். மூல கேமரா நெகட்டிவ் என்றால் முதல் தரம். இன்டர்பாசிட்டிவ், அதாவது நெகட்டிவிலிருந்து நேராக எடுத்த படி என்றால் அடுத்த தரம். தியேட்டர் பிரின்ட் என்றால் கீறலும் ரீல் மாறும் புள்ளியும் வரும். டேப் மாஸ்டர் என்றால் எதிர்பார்ப்பை அங்கேயே குறைத்துக்கொள்ளுங்கள்.

டேப் மாஸ்டர் என்பதற்குப் பின்னால் இரண்டு வேறு கதைகள் இருக்கின்றன. சில படங்கள் பிறக்கும்போதே வீடியோ. 1982-இன் 'போர்டிங்ஹவுஸ்' வீடியோவில் எடுத்து, பிறகு 35 மி.மீ.-க்கு மாற்றித் தியேட்டரில் ஓட்டியது. 1985-இன் 'பிளட் கல்ட்' ஓக்லஹோமாவில் வீடியோ கடைகளை நம்பியே எடுத்தது. அமெரிக்க வீடியோவில் கண்ணுக்குத் தெரியும் வரிகள் சுமார் 480தான். எத்தனை கே போட்டு ஸ்கேன் செய்தாலும் இல்லாத வரி வராது. ஆனாலும் மூல டேப்பிலிருந்து நேராக ஏற்றிய ப்ளூ-ரே, மூன்றாம் தலைமுறைக் கேசட்டை விட எவ்வளவோ மேல். கையை வீசும்போது சீப்புப் பல்போல் கோடு தெரிந்தால் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்துப் பதிந்த வரிகளை பிளேயர் சரியாக இணைக்கவில்லை, வெளியீட்டை 1080i என்பதற்கு மாற்றி அந்த வேலையை டிவியிடம் விட்டுப் பாருங்கள்.

இரண்டாவது கதை சோகமானது. படம் பிடித்தது நல்ல ஃபிலிமில். ஆனால் நேராகக் கடைக்குப் போகும் படத்துக்கு நெகட்டிவ் வெட்டும் செலவு எதற்கு என்று, ஃபிலிமை டேப்பில் ஏற்றி டேப்பிலேயே எடிட் செய்து முடித்துவிட்டார்கள். முழுப் படமாக ஃபிலிமில் அது எங்கும் இல்லை. மீட்டெடுக்க வேண்டுமானால் வெட்டாத மூல ரீல்கள் அத்தனையையும் தேடி, ஸ்கேன் செய்து, டேப்பைப் பார்த்து ஷாட் ஷாட்டாக மறுபடி எடிட் செய்ய வேண்டும். மந்திரக் காட்சிகள் வீடியோவில் செய்தவையாக இருந்தால் அதையும் புதிதாகச் செய்ய வேண்டும். யாராவது அப்படிச் செய்து வெளியிட்டால் விலை பார்க்காதீர்கள்.

இவை எதுவும் இல்லை, பெட்டியில் மூலம் பற்றி ஒரு வரியும் இல்லை, டிஸ்க்கின் அடிப்பக்கம் அச்சு டிஸ்க்போல் இல்லாமல் வீட்டில் பதியும் காலி டிஸ்க்போல் நிறம் மாறித் தெரிகிறது என்றால், திருட்டுப் பதிவாக இருக்கலாம். உரிமை குழம்பிக் கிடக்கும் படங்களில் இந்தச் சரக்கு அதிகம்.

மேலும் கீழும் வெட்டிவிட்டார்கள்

கேசட்டில் பார்த்த பேயின் கால் இப்போது தெரியவில்லை என்று ஒரு நண்பர் சண்டை போட்டார். அந்தக் காலிலேயே விடை இருக்கிறது. பல படங்கள் முழு பிரேமில் எடுத்து, தியேட்டரில் மேலும் கீழும் மறைத்து, உயரத்தைப் போல் 1.85 மடங்கு அகலத்தில் காட்டுவதற்கானவை. சதுர டிவிக்காக கேசட்டில் அந்த மறைப்பை எடுத்தார்கள். அப்போதுதான் மேலிருந்து தொங்கும் மைக்கும், பூதத்தின் இடுப்புக்குக் கீழே இருந்த ஜீன்ஸும் தெரிந்தன. இப்போது மறைத்திருப்பது திருத்தம். இதற்கு நேர்மாறாக, 16 மி.மீ. படங்கள் சிலவற்றில் பக்கத்தில் கறுப்புப் பட்டை வரும். டிவியில் ஜூமை அழுத்தி அதை நிரப்பாதீர்கள், தலை போய்விடும்.

ஓடும் நேரம் குறைகிறது

இங்கிலாந்து, ஜெர்மனி டிவிடி என்றால் முதலில் கணக்குப் போடுங்கள். நொடிக்கு 24 பிரேம் படத்தை அங்குள்ள PAL டிவி முறையில் 25-ஆக ஓட்டுவார்கள். 90 நிமிடப் படம் 86 நிமிடம் 24 நொடியில் முடியும், ஒரு பிரேம்கூட வெட்டாமலே. குரலும் லேசாக உயரும். ப்ளூ-ரேயில் பொதுவாக 24-தான், அதனால் டிவிடியை விட நேரம் கூடுவதைப் பார்த்துப் புதுக் காட்சி என்று ஏமாற வேண்டாம். ப்ளூ-ரே நேரத்தை 0.96-ஆல் பெருக்கினால் டிவிடி நேரத்தோடு ஒத்துவருகிறதா என்று பாருங்கள்.

ஒத்துவரவில்லை என்றால் வெட்டு. இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜென்டோவின் 1985 'ஃபினாமினா' இத்தாலியில் 116 நிமிடம், வெளிநாட்டுப் பதிப்பு 110, அமெரிக்க வீடியோ கடையில் 'க்ரீப்பர்ஸ்' என்ற பெயரில் இருந்தது 83. மூன்றும் ஒரே பெட்டியில் கிடைக்கிறது, ஆகவே எது ஓடுகிறது என்று மெனுவில் பாருங்கள். இங்கிலாந்துப் பதிப்புகளில் இன்னொரு விஷயம். 1984 வீடியோ பதிவுச் சட்டத்தின் காலத்தில் வன்முறை வீடியோக்கள் பற்றி எழுந்த பீதியில், ஆபாசக் குற்றம் சாட்டத்தக்கவை என்று அரசு வழக்கறிஞர் வைத்திருந்த பட்டியலில் 72 படங்கள் ஏறி இறங்கின. அவற்றில் பெரும்பாலானவை இன்று முழுதாகக் கிடைக்கும். ஆனால் விலங்குவதைக்கு எதிரான 1937-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் இருக்கிறது. குதிரையைத் தடுக்கி விழவைத்தது, விலங்கை நிஜமாகவே கொன்றது போன்ற நொடிகள் அங்கே போய்விடும். அந்த வெட்டு எனக்கு உறுத்தியதே இல்லை.

வாயும் பேச்சும் ஒட்டவில்லை

உதட்டைப் பார்க்காதீர்கள், கதவைப் பாருங்கள். கதவு அடைபடும் சத்தம், வாள் மோதும் சத்தம், துப்பாக்கி எல்லாம் படத்தோடு சரியாக வந்து, உதடு மட்டும் தப்பினால் அது டப்பிங். அக்கால இத்தாலியப் படங்களில் படப்பிடிப்பின்போது ஒலி பதியும் வழக்கமே குறைவு. ஒருவர் ஆங்கிலத்தில் பேச, எதிரே நிற்பவர் இத்தாலியனில் பேச, எல்லாருக்கும் பிறகு குரல் சேர்த்தார்கள். இத்தாலிய ஒலிக்கு மாற்றினாலும் முழுதாக ஒட்டாது, மூலம் என்று ஒன்று இருந்தால்தானே. அமெரிக்க மலிவுப் படத் தயாரிப்பாளர் ரோஜர் கோர்மன் 1980-களில் அர்ஜென்டினாவில் எடுத்த வாள் படங்களிலும் இதே கதைதான்.

கதவும் தப்பினால் கோளாறு வீட்டில். சவுண்ட்பாரிலோ டிவியிலோ ஒலித் தாமத அளவைத் திருத்துங்கள். எல்லா டிஸ்க்கிலும் சரியாக இருந்து இதில் மட்டும் தப்பினால், அதுவும் போகப் போகத் தப்பு வளர்ந்தால், மாஸ்டரிலேயே பிழை. அதற்கு மாற்று டிஸ்க் கேட்கலாம்.

பேச்சு கேட்கவில்லை, இசை மட்டும் அலறுகிறது என்றால் ஒலி மெனுவில் 5.1-ஐ விட்டு மூல மோனோவுக்கு வாருங்கள். ஒரே ஸ்பீக்கருக்காகக் கலந்த ஒலியை ஆறாகப் பிய்த்தால் அப்படித்தான்.

நிறம் சரியில்லை

எல்லாம் இளஞ்சிவப்பாக இருந்தால் பழைய ஈஸ்ட்மன் கலர் பிரின்ட். அதில் சயான் சாயம் முதலில் வெளிறும், மிஞ்சுவது செம்மை. நெகட்டிவ் இல்லாத படத்துக்கு அதைத் திருத்துபவர் ஓரளவுதான் செய்ய முடியும். ஃபிலிம் அடிப்பட்டையே புளித்து வினிகர் வாடை வீசிச் சுருண்டுபோவதும் உண்டு. முதலில் சொன்ன வினிகர் சின்ட்ரோம் நிறுவனத்தின் பெயர் அந்த நோயின் பெயர்தான். கேசட்டில் நீலமாக இருந்த ராத்திரி இப்போது பச்சையாக இருக்கிறது என்பதை மட்டும் ஆதாரமாக வைக்காதீர்கள். உங்கள் அன்றைய டிவியில் நிறக் குமிழை யார் எவ்வளவு திருகினார்கள் என்று யாருக்குத் தெரியும்.

இந்தக் காட்சியை ஏற்கெனவே பார்த்திருக்கிறேனே, டிஸ்க் மாறிப்போச்சா?

மாறவில்லை. கோர்மன் கம்பெனியில் ஒரு தடவை செலவழித்த காட்சி பல தடவை உழைக்கும். 1980-இன் 'பேட்டில் பியாண்ட் த ஸ்டார்ஸ்' விண்கலங்கள் 1983-இன் 'ஸ்பேஸ் ரெய்டர்ஸ்' வானத்திலும் பறக்கும். 'டெத்ஸ்டாக்கர்' முதல் பாகத்தின் காட்சிகள் இரண்டாம் பாகத்திலும் வந்து நிற்கும். நேற்றைய குழம்பைச் சுண்டவைத்துப் பரிமாறும் கெட்டிக்காரத்தனம்.

இதைவிடக் காசு கரைக்கும் கோளாறு பெயர்க் குழப்பம். இத்தாலியில் 'டான் ஆஃப் த டெட்' படத்துக்குப் பெயர் 'சோம்பி'. அது ஓடியதும் ஃபுல்சி 1979-இல் எடுத்த படத்துக்கு 'சோம்பி 2' என்று வைத்தார்கள். அதே படம் அமெரிக்காவில் வெறும் 'சோம்பி', இங்கிலாந்தில் 'சோம்பி ஃப்ளெஷ் ஈட்டர்ஸ்'. மூன்று உறை, மூன்று பெயர், ஒரே பிணம். 'ஈவில் டெட்' இத்தாலியில் 'லா காசா' ஆனது, சம்பந்தமே இல்லாத இன்னொரு படம் 'லா காசா 3' என்று வந்து ஒட்டிக்கொண்டது. 'ட்ரோல் 2'-இல் ஒரு ட்ரோல்கூடக் கிடையாது. முதல் பாகம் எங்கே என்று தேடி அலைவதற்கு முன் இயக்குநர் பெயர், ஆண்டு, மூலத் தலைப்பு மூன்றையும் ஒப்பிடுங்கள். என் அலமாரியில் ஒரே படம் இரண்டு பெயரில் நிற்கிறது, உறை ஓவியம் நன்றாக இருப்பதால் விற்கவில்லை.

அலமாரியில் இருந்தது ஓடவில்லை

வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஊசிக்குத்துபோல் ஒளி வந்தாலோ, விளிம்பிலிருந்து பால்போல் அல்லது வெண்கல நிறத்தில் படர்ந்தாலோ உலோக அடுக்கு அரித்துவிட்டது, மருந்தில்லை. மேற்பரப்பில் மட்டும் சிலந்திவலைபோல் படர்ந்திருந்தால் பூஞ்சை. கடற்கரை ஊர்களில் சகஜம், மென்சோப்பு கலந்த நீரில் துடைத்தால் போய்விடும். உறைக்காக வாங்கிய பழைய கேசட்டில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போடவே போடாதீர்கள். அது ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும்.

மாற்று டிஸ்க் கேட்பது என்று முடிவானால் பிளேயர் பெயர், ஃபர்ம்வேர் எண், தடங்கல் வரும் நிமிடம் நொடி, டிஸ்க்கின் இரண்டு பக்கப் படம், பில் எல்லாவற்றையும் ஒரே மெயிலில் அனுப்புங்கள். பிழை பலருக்கும் வந்திருந்தால் திருத்திய டிஸ்க்கை அவர்களே அச்சிட்டிருக்கலாம், நடு வளையத்தைச் சுற்றிப் பொறித்த எண்ணை வைத்து உங்களிடம் இருப்பது எந்த அச்சு என்று சொல்வார்கள். வந்ததும் பழைய நிமிடத்தை முதலில் ஓட்டிப் பாருங்கள். அது தாண்டிவிட்டால் முழுப் படத்தையும் ஒரு முறை பாருங்கள், அதுவரை பழைய டிஸ்க்கைக் குப்பையில் போட வேண்டாம்.